நாய் கடித்த கை

குளிர்பெட்டியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது இன்று உன் கையெழுத்து அகப்பட்டது. வார இறுதிகளில் நீ என் வீட்டில் தங்கிய காலத்து ஐஸ்கிறீம் டப்பா. உள்ளே, காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா. மேலே ஒட்டிய தாளில், "என்ரை. தொடாதை."

நீ போய் மூன்று வருடமாகிறது. அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். உன்னுடையதைத் தொட்டவனின் முகம்தான் முதலில் கண்முன் வந்தது.

பதினான்கு வயதில் நான் தனியாக ஜெர்மனியின் ஹம் நகருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. நீ இங்கேயே பிறந்தவள். வகுப்பில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாய். இளைஞர் அலுவலகத்துக்கும் கூடவே வந்து மொழிபெயர்த்தாய். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று அங்கே எனக்கு ஒரு ஜெர்மன் பெண்மணியை ஃபோர்முண்டாக, சட்டக் காவலராக நியமித்தார்கள். பள்ளி முடிந்தபின் நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனேன். நீ தெற்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒருவருக்கும் வேண்டாத விஷயத்தில் ஆராய்ச்சி தொடங்கினாய். காப்பது, ஒப்படைப்பது, அடைக்கலம் கொடுப்பது ஆகியவற்றுக்கு இடைக்கால இங்கிலாந்தில் வழங்கிய சொற்கள்.

ரயிலில் போகும்போதெல்லாம் எனக்குக் குரல் பதிவு அனுப்புவாய். "எடி, உனக்கு ஒரு ஃபோர்முண்ட் இருந்தாவெல்லோ? அந்த முண்ட் பழைய ஆங்கிலத்திலையும் இருக்கு. கை எண்டும் கருத்து, காவல் எண்டும் கருத்து."

"இஞ்சை முண்டம் எண்டு திட்டத்தான் ஆக்கள் இருக்கினம்" என்று நான் பதில் அனுப்பினேன். அடுத்த பதிவு முழுக்க உன் சிரிப்பு.

இன்னொரு நாள் முண்ட்பிரிச்சே என்ற சொல்லைச் சொல்லித் தந்தாய். ஒருவரின் காவலில் இருப்பதற்குக் கேடு செய்தால் அந்தக் குற்றத்துக்கு அதுதான் பெயர். "காவல்காரனே கெடுத்தால் அதுக்கு என்ன பேர் எண்டுதான் இன்னும் கண்டுபிடிக்கேல்லை" என்றாய்.

நாலாம் வருடத்தில் உனக்கு நோய் வந்தது. உன் பேராசிரியன் பூங்கொத்தோடு மருத்துவமனைக்கு வந்தான். (அவனுக்கு நான் 'ர்' போடமாட்டேன்.) கட்டிலருகே இருந்து உன் கையைப் பிடித்தான். "உங்கள் ஆராய்ச்சிக் குறிப்பு அட்டைகளை என்னிடம் தாருங்கள். நீங்கள் எழுந்து வரும்வரை என் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்" என்றான். கையால் எழுதிய இரண்டு பெட்டி அட்டைகள். அவற்றை அவன் காரில் ஏற்றி விட்டது நான்தான். நீ அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நான் மறக்கவில்லை.

எட்டு மாதத்தில் அவன் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. நீ படுக்கையிலிருந்தே வாசித்தாய். உதாரணம் எல்லாம் உன்னுடையவை, வரிசைகூட உன்னுடையது. உன் அம்மா, "விடு பிள்ளை, கடவுள் பாப்பார்" என்றா.

"கடவுளுக்குப் பழைய ஆங்கிலம் தெரியாதம்மா" என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். "செத்தாப்பிறகு என்னை ஒரு சாந்தமான பிள்ளையாக்கிப் போடாதேங்கோ. எனக்குக் கோவம் இருக்கு. சரியான கோவம்."

அடுத்த மாதம் நீ இல்லை.

நான் பல்கலைக்கழகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். அட்டைகள் எதுவும் தன்னிடம் தரப்படவில்லை என்று அவன் சொல்லிவிட்டான். ஆதாரம் இல்லை, வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது. பராமரிப்பு வேலை செய்கிறவள் சொல்வதற்கு அவ்வளவுதான் மதிப்பு. அன்றிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் உன் பதிவுகளை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினேன். ஆறுதலுக்காக அல்ல. அவனைப் பிடிக்க.

இரண்டாவது குளிர்காலத்தில் அந்தப் பதிவு அகப்பட்டது. "எடி, பெரிய பிழை விட்டிட்டன். ஒரு பழைய ஏட்டின்ரை ஓரத்திலை, நாய் ஒருத்தன்ரை முண்டைக் கடிச்சது எண்டு கிடக்கு. நான் அவசரத்திலை காவல் எண்டு அட்டையிலை எழுதிப்போட்டன். அடுத்த வரியைப் பாத்தால் விரல் வீங்கினதுக்கு மருந்து! நாய் கடிச்சது வெறும் கையையடி!" ஏட்டின் எண்ணையும் சொல்லியிருந்தாய். அட்டையைத் திருத்தமுன் நோய் வந்துவிட்டது.

அந்த வசந்தத்தில் அவன் புத்தகம் வந்தது. வாங்கித் தேடினேன். நாய் இருந்தது. காவலைக் கடித்த நாயைப் பற்றி, அது அதிகாரத்தின் மீறல் என்று, இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தான். சமையலறையில் நின்று தனியே சிரித்தேன். பிறகு ஏடு இருந்த நூலகத்துக்கு எழுதி அந்தப் பக்கத்தின் படத்தை எடுப்பித்தேன்.

புத்தக அறிமுகம் ஒரு சனிக்கிழமை பகல். நான் கடைசி வரிசையில் இருந்தேன். நாயைப் பற்றி அவன் அழகாகப் பேசினான். கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"அந்த ஏட்டை நேரில் பார்த்தீர்களா?"

"நிச்சயமாக. மூலத்தையேதான் வாசித்தேன்."

"அப்படியென்றால் அடுத்த வரி என்ன?"

அவன் தண்ணீர் குடித்தான். நான் முன்னே போய், முதல் வரிசையில் இருந்த வயதான பேராசிரியை ஒருவரிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "இது கை. விரல்கள் வீங்கியிருக்கின்றன" என்றார். யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. "அது... குறிப்பு அட்டைகளை ஓர் உதவியாளர் தயாரித்தார். பிழை அவருடையது" என்றான்.

இரண்டு வருடமாக இல்லாத அட்டைகள் அவன் வாயாலேயே வந்துவிட்டன.

"அந்த உதவியாளரின் பெயர்?"

சொல்லவில்லை. நான் சொன்னேன். உன் முழுப் பெயரை, உன் அப்பாவின் பெயரோடு, ஓர் எழுத்தும் விழுங்காமல். பிறகு கைபேசியை ஒலிவாங்கியில் வைத்து உன் பதிவைப் போட்டேன். தமிழ் யாருக்கும் விளங்கவில்லை. ஏட்டின் எண்ணும் 'முண்ட்' என்ற சொல்லும் உன் சிரிப்பும் விளங்கின. பதிவிட்ட தேதி திரையில் கிடந்தது; அந்தப் பேராசிரியை அதை வாசித்துச் சபைக்குச் சொன்னார்.

விசாரணை வைத்தார்கள். அட்டைகள் அவன் அலுமாரியிலேயே இருந்தன. புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள், அவனும் பதவியை விட்டுப் போனான். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சனிக்கிழமை ரயிலில் திரும்பும்போது, கொண்டுபோன இடியப்பம் முழுவதையும் பசியோடு சாப்பிட்டேன்.

சென்ற மாதம் அவன் கடிதம் போட்டான். உடல்நிலை சரியில்லையாம், மன்னித்ததாக ஒரு வரி எழுத முடியுமா என்று கேட்டிருந்தான். ஹம்மின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவன்று உன் அம்மாவிடம் காட்டினேன். வாசித்து மடித்துத் தந்தா.

"இன்னும் கோவம் ஆறேல்லையோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. அது அவள் என்னை நம்பி விட்டிட்டுப் போன கோவம். ஆற விட ஏலாது."

அவ கூட்டத்தில் நான் தவறிவிடாதபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தா. அவனுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதமாட்டேன்.