மாப்பிள்ளையின் தரகு

பிலடெல்பியா
மார்ச் 6, 1977

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு போன் இல்லை. ஜனங்களின் சேமிப்பைப் பங்குகளில் போட்டு வளர்க்கும் நம் ஃபண்டில் இனித் தரகர் கிடையாது, ஜனங்கள் தபாலிலேயே நேராகப் பணம் போடலாம் என்று நான் அறிவித்ததில் தரகரான மாப்பிள்ளையின் பிழைப்பில் மண் விழுந்தது எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு பள்ளிக்கூட டீச்சர் நூறு டாலர் போட்டால் அதில் எட்டரை டாலர் தரகுக்கே போகிறது. அது அநியாயம் அம்மா. ரஸ்ஸலுக்கு வேறு வேலைக்குச் சொல்லி வைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

உன் அப்பா
ஆல்டன்

ரெடிங்
மார்ச் 15, 1977

அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். அநியாயம் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. அறிவிப்பு வந்தது திங்கட்கிழமை. முந்தின நாள் மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள். "புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா" என்றார் ரஸ்ஸல். "நல்லது, அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு" என்றீர்கள். அப்போதே உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை?

நேற்று அவருடைய வாடிக்கையாளர் க்ராட்ஸ் அம்மா ஆப்பிள் கேக் கொண்டுவந்தார். "இனிமே நான் தபால்லயே போட்டுக்கறேன் தம்பி. உங்களுக்குத்தான் கமிஷன் போச்சாமே, பாவம், இதையாவது சாப்பிடுங்க." ரஸ்ஸல் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

வேலைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். பள்ளிப் பேருந்து ஓட்டப் போகிறார்.

லோர்னா

பிலடெல்பியா, ஆஸ்பத்திரி
அக்டோபர் 28, 1995

லோர்னா கண்ணுக்கு,

அடுத்த வாரம் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்கிறார்கள். "உங்க ஃபண்டுல போட்டுத்தான் சார் என் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பினேன்" என்று இங்கே ஒரு நர்ஸ் என் கையை விடவே மாட்டேன் என்கிறாள். எனக்கு உன் நினைவுதான் வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். பதினெட்டு வருஷம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். பணம் போட்டவர்களுக்குத் தெரியாத ஒன்றை என் வீட்டாருக்கு மட்டும் முன்கூட்டிச் சொன்னால் அது திருட்டு என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ரஸ்ஸலின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அன்று உருளைக்கிழங்கைக் கேட்டேன் அம்மா. ஒரே ஒரு தடவை வந்து போ.

அப்பா

ரெடிங்
நவம்பர் 1, 1995

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரஸ்ஸல் படித்துவிட்டு, "பெத்தவர்டி. கிளம்பு, காரை நான் ஓட்டறேன்" என்றார். அவருடைய ஓய்வுக்காலப் பணமும் உங்கள் ஃபண்டில்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தார் அங்கேதான் போடுகிறார்கள். நன்றாகவே வளர்ந்திருக்கிறது. நீங்கள் செய்தது சரி என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

கோட் போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். மனதில் ஏதாவது வருகிறதா என்று நின்று பார்த்தேன். அழுகைகூட வரவில்லை. திரும்பி வந்து துணி மடித்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடக்கட்டும். நான் வரவில்லை அப்பா. கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் இருந்திருந்தால் வந்திருப்பேன்.

லோர்னா