ஒரே மாதிரி லேப்டாப்

ஞாயிறு, இரவு பதினொன்றரை

அடையாறில் நடந்த கணினிச் சதுரங்கப் போட்டியில் இன்று என் புரோகிராம் நண்பன் அன்வரின் புரோகிராமை வென்றது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

போன வருடம் என் பெரிய மெஷினால்தான் ஜெயித்தேன் என்று அன்வர் சண்டை போட்டான். நியாயமான சண்டைதான். அதனால் இந்த முறை எல்லோருக்கும் ஒரே மாதிரி லேப்டாப் கொடுத்தார்கள். இருபது நகர்த்தல் வரை அவன் கைதான் ஓங்கியிருந்தது. அப்புறம் அவன் புரோகிராம் யோசிக்கும் வேகம் திடீரென்று பாதியாகி, தோற்றுப்போனது.

கிளம்பும்போதுதான் பிளக் போர்டைக் கவனித்தேன். அவன் லேப்டாப்பின் சுவிட்ச் அணைந்திருந்தது. கரண்ட் வராவிட்டால் அந்த லேப்டாப் பேட்டரியை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவே அதே போர்டிலிருந்து என் போன் சார்ஜரைப் பிடுங்கியவன் நான். எந்தச் சுவிட்சை அணைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்காதபோது சுவிட்சைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு அன்வர் கூப்பிட்டான். "மெஷின் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் மச்சி, அதுல குறை சொல்ல முடியாது. என் புரோகிராம்லதான் இன்னாவோ கோளாறு கீது. ஆறு மாசமா எழுதுன பகுதிய தூக்கிட்டு வேற எழுதிக்கினு கீறேன்."

"தூங்கு, காலைல பேசலாம்" என்றேன்.

மூன்று தடவை போனை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பகுதியில் ஒரு தப்பும் இல்லை. இந்நேரம் பாதியை அழித்திருப்பான்.