புகை மறைந்தும் நஞ்சு மறையாமை குறித்து உறைவரை நாட்டுக்கு விடுத்த ஓலை

மங்கலம் சூழ்க. முகில் தோயும் உறைவரை நாட்டின் காவலர், வேள் சேந்தனார் திருமுன்பு, கானலந்துறை நாட்டுப் பேரமைச்சர் மாறம்பாவை பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடி நலமோ என்று கேட்பது மரபு. கேட்க மாறம்பாவைக்கு நா எழவில்லை. நலம் கெடுத்தவர் அவரே.

நெல்லைப் பூச்சி தொடாதிருக்க, நச்சுத் தாளகக் கல்லை வறுத்துப் பொடியாக்கும் சூளைகள் எங்கள் துறையில் உண்டு. அப்புகை நகரத்தார் மூக்கில் ஏறலாகாதென்று, காற்று தங்கள் மலைப்பக்கம் வீசும்போது மட்டுமே சூளை மூட்டுக என இருபது ஆண்டுகளுக்கு முன் விதித்தவர் மாறம்பாவை. கண்ணுக்குப் புகை மறைந்தால் காற்று கழுவப்பட்டது என்றே நம்பினார். அதற்காகப் பட்டமும் பெற்றார்.

தங்கள் தூதர் கொற்றி வழிநடைப் புழுதியோடு அவையில் நின்று, "அம்மையீர், உங்கள் புகை எங்களிடம் விருந்துக்கு வரவில்லை, குடித்தனமே வந்துவிட்டது, பனியில் படுக்கிறது, புல்லில் எழுகிறது, தாய்ப்பால் வரை வந்து உட்கார்ந்துவிட்டது" என்றுரைத்தார். அவையினர் சிலர் நகைத்தனர். மாறம்பாவை அன்றே சூளைகளை அவித்தார். ஏழு திங்கள் கழிந்தபின் கொற்றி தங்கள் மலையிலிருந்து கொணர்ந்த பனிநீரில் விட்ட கெண்டைக் குஞ்சுகள், மாலைக்குள் மல்லாந்தன.

இரு மகவை இழந்த தங்கள் தேவி வெண்ணியார் இப்போது ஐந்து திங்கள் சூலி. அவரை இங்கே அனுப்புக என்று முன்னர் வேண்டியதற்கு, "முப்பத்துநான்கு சூலிகளை மலையில் விட்டு, என் வயிற்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வருவேனோ? நன்றாயிருக்கிறது உங்கள் அமைச்சரின் இரக்கம்!" என்று சொல்லியனுப்பினார். அன்றுதொட்டு மாறம்பாவைக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தால் எழுகிறார், எழுந்தால் வாயிலுக்கு நடக்கிறார்.

ஆதலால் எம் மன்னர் இசைவுடன் அவர் விதிப்பதாவது: சூலிகள் அனைவரும், பாலூட்டும் தாயரும் மழைக்கு முன் இங்கு இறங்கி வருக. பல்லக்குகள் அடிவாரத்தில் நிற்கின்றன. நகர மாளிகைகள் அவர்களுக்கென ஒழித்து வைக்கப்பட்டுள்ளன. "எங்கள் வீட்டிலா?" என்று முணுமுணுத்த வணிகர் தலைவருக்கு, நாம் இழுக்கும் நல்ல மூச்சு அவர்களிடமிருந்து பறித்தது, திருப்பித் தருகையில் முகம் சுளிக்கலாகாது என்று விடையளிக்கப்பட்டது.

எத்தனை ஆண்டு என்று கேட்பீர்கள். மாறம்பாவை அறியார், அறிந்தவர்போல் இன்னொரு விதி எழுதவும் துணியார். இது, போதுமென்று வெண்ணியார் தம் வாயால் சொல்லுமளவும் நிற்கும் ஆணை.

அமைச்சரின் மாளிகையும் தாயருக்கே. அவருக்குத் தங்கள் மலையில், மலைமக்கள் குடிக்கும் அதே சுனையருகே, ஒரு குடில் ஒதுக்கித் தருக. இவ்வோலைக்குப் பின்னாலேயே அவர் ஏறி வருகிறார்.

சங்கு இலச்சினை இடப்பட்டது.