நைனாவுக்கு லைசென்ஸ் கிடைத்தது

திருவொற்றியூர் குப்பம்,
விஜய வருஷம், கார்த்திகை மாதம்.

சௌபாக்கியவதி புஷ்பவல்லிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் ஏதோ இருக்கிறோம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் சந்நிதியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கடிதம் வந்தது. தம்பியின் வருஷ திதி எப்படி நடந்தது, நைனா கடலில் அந்த இடத்துக்கே போய்ப் பால் ஊற்றினாரா என்று கேட்டிருக்கிறாய். வர முடியவில்லையே என்று அழுதுகொண்டே எழுதியிருப்பாய் போல, மை கலைந்து பாதி எழுத்து படிக்கவே முடியவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி திதிக்கு வரக்கூடாது என்று தடுத்தது நான்தான், திட்டுவதென்றால் என்னைத் திட்டு. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் நைனா லைசென்ஸ் வாங்கியதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது, அதனால் பொறுமையாகப் படி.

போன கார்த்திகையில் கட்டுமரத்தில் இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பி வந்தாரே, பின்னால் இருந்து துடுப்புப் பிடித்த நைனா வந்துவிட்டார், முன்னால் உட்கார்ந்திருந்த உன் தம்பி தண்டபாணியை அலை வாரிக்கொண்டு போய்விட்டது, உடம்புகூட நமக்குக் கிடைக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு நான் உன் நைனாவின் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்து, இனிமேல் தொழிலுக்குக் கடலில் இறங்கினால் என் பிணத்தைத் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். உனக்குத் தெரியும். துடுப்பைக் கொண்டுபோய் என் அண்ணன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டேன். பிள்ளையைக் கொடுத்தாயிற்று, புருஷனையும் கொடுத்துவிட்டு நான் யாருக்குச் சோறு வடிக்க? கடலை விட்டால் வயிற்றுக்கு என்ன செய்வது என்று அவர் கேட்கவே இல்லை, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவருடைய தோஸ்து ஜாபர் வந்தார். அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து ராயபுரத்துக்கு உப்பு ஏற்றுகிற லாரியில் அவர் டிரைவர் என்பது உனக்குத் தெரியுமே. முதலாளி இரண்டாவது லாரி வாங்கப் போகிறார், நீ லைசென்ஸ் எடு மாமு, ஓட்டறதை நான் கத்துக் குடுக்கறேன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்வது சுலபமாக இல்லை புஷ்பா. கிளட்ச், கியர் எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டதாம், வண்டியைத் திருப்புவதுதான் வரவில்லை. கட்டுமரத்தில் பின்னால் இருந்துகொண்டு துடுப்பின் பிடியை வலது பக்கம் தள்ளினால் மரம் இடது பக்கம் திரும்பும். பிறந்ததிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் தெரியும். லாரியில் வலது பக்கம் திருப்பினால் வலது பக்கமே போகிறது. ஜாபர் இடது பக்கம் என்றால் இவர் வலது பக்கம் ஒடிப்பார். முதல் வாரமே உப்புக் குவியலில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். ஜாபர் தலையெல்லாம் உப்போடு இங்கே வந்து, இன்னா அக்கா, மாமு லாரியைக் கடல்ல ஓட்டிக்கினு கீறாரு, நான் கரையில குந்திக்கினு கீறேன் என்று சொன்னபோது, தண்டபாணி போனதற்கப்புறம் முதல் தடவையாக நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அப்புறம் நானே அவருக்கு வாத்தியார் ஆனேன். சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் சோறு வடிக்கிற தட்டை ஸ்டியரிங் மாதிரி அவர் கையில் கொடுத்து எதிரே உட்காருவேன். இடது பக்கம் என்பேன், தட்டைத் திருப்புவார். தப்பாகத் திருப்பினால் அகப்பைக் காம்பால் முட்டியில் ஒரு தட்டு. லைசென்ஸ் பரீட்சையில் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்ட வேண்டுமாம், வலது பக்கம் போவதற்கு நேராக நீட்ட வேண்டும், இடது பக்கம் போவதற்கு வட்டமாகச் சுற்ற வேண்டும், நிறுத்துவதற்கு உயர்த்திக் காட்ட வேண்டும். இவர் வாசலில் நின்று கையைச் சுற்றப் பக்கத்து வீட்டு மலர்க்கொடி தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று இன்னாண்ணே என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். இப்படியே மாசக்கணக்கில் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது. தூக்கத்தில்கூடச் சரியாகத் திருப்புகிறீர் என்று நான் கேலி செய்வேன். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஐப்பசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டினார். கோட்டுப் போட்ட மனிதர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சிடுசிடு என்று இருந்தாராம். சந்துக்குள் திருப்பச் சொன்னார், பின்னால் எடுக்கச் சொன்னார், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், ஒன்றிலும் தப்பு வரவில்லை. இதற்கு முன்னால் என்ன வேலை செய்தாய் என்று கேட்டதற்கு மீன் பிடித்தேன் என்றாராம். நம்ப முடியவில்லையே என்றாராம் அந்த மனிதர். லைசென்ஸ் வந்த அன்றைக்கு ஜாபர் வீட்டிலிருந்து ரஹீமுன்னிசா அக்கா சேமியா பாயசம் செய்து அனுப்பியிருந்தாள். நைனா ஒரு வாய் குடித்துவிட்டு, தண்டபாணி இருந்தால் இன்னும் ஒரு தம்ளர் கேட்பான் என்றார்.

இனிமேல் நீ கேட்டதைச் சொல்கிறேன். திதிக்கு மட்டும் கடலில் இறங்கலாம் என்று நானே அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து துடுப்பை எடுத்து வந்து கொடுத்தேன். காலையில் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு உன் சித்தப்பாவும் இவரும் மரத்தைத் தள்ளினார்கள். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் கரையில் நின்றோம். இவர் பின்னால் துடுப்போடு, சித்தப்பா முன்னால் பால் செம்போடு. முதல் அலையைத் தாண்டினார்கள். இரண்டாவது அலை கொஞ்சம் பெரிதாக வந்தது. மரத்தின் மூக்கை அலைக்கு நேராக வைக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் கை துடுப்பை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டது புஷ்பா. லாரியைத் திருப்புகிற மாதிரி. மரம் அலைக்குக் குறுக்கே திரும்பியது, அப்படியே புரட்டிப் போட்டது. இடுப்பளவு தண்ணீர்தான், யாருக்கும் அடியில்லை. ஆனால் பால் செம்பு போய்விட்டது. கரையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. நைனா ஈரத்தோடு மணலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மறந்துபோச்சு கோவிந்தம்மா, எம் புள்ள கீற எடத்துக்குப் போவ எனக்கு வழி தெரிலயே என்றார். சாயங்காலம் சாயங்காலமாகத் தட்டை வைத்துப் பழக்கியவள் நான்தானே.

மலர்க்கொடி ஓடிப்போய் வேறு பால் கொண்டுவந்தாள். துடுப்பைச் சித்தப்பா வாங்கிக்கொண்டார். நைனா முன்னால் போய், தண்டபாணி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். அந்த மரத்தில் அவர் ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. அந்த இடத்துக்குப் போனார்கள், பால் ஊற்றினார்கள், பூப் போட்டார்கள், அதில் குறை இல்லை. உன் கேள்விக்கு இதுதான் பதில். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. ராத்திரி அவராகவே சொன்னார். அவன் குந்துற எடத்துல குந்திக்கினு போனேன். அங்க குந்துனா எதிர்ல அலையத் தவிர இன்னா தெரியுது, ஒண்ணும் தெரில. பின்னால நான் கீறேன்னு நம்பித்தான் குந்திக்கினு இருந்திருக்கான். புள்ள ரொம்ப பயந்திருப்பான் கோவிந்தம்மா என்றார். ஒரு வருஷமாக அழாத மனிதர் அன்றைக்கு என் மடியில் விழுந்து அழுதார்.

மறுநாளே லாரிக்குப் போய்விட்டார், தினமும் போகிறார். நீ கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. குடத்தைத் தூக்காதே, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், புளிப்பு அதிகம் சேர்க்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். தை பிறந்ததும் ஏழாம் மாதத்துக்கு உன்னை அழைத்துவர உன் மாமன் வருகிறார். எந்த வண்டியில் ஏறுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத மறக்காதே, சென்ட்ரலுக்கு நைனாவே வருவார். உப்பு லாரியிலா என்று முகத்தைச் சுளிக்காதே, அன்றைக்கு கழுவி மெத்தை போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன்னைத் தன் பக்கத்தில் முன்னாலேயே உட்கார வைத்துக்கொள்வாராம். முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பயம் தெரியாமல் ஓட்டிக்கொண்டு வருவேன் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

நிறை வயிறும் நிறை வாழ்வுமாக இரு.

உன் அம்மா,
தே. கோவிந்தம்மா