பெட்டிகளைப் பிரித்துவிடு, அக்கா

அக்கா,

இனி ஒரு பெட்டியும் கட்டாதே. கட்டியதையும் பிரித்துவிடு. நாம் வீட்டைக் காலி செய்யவில்லை.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளேன்டா, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே" என்று நேற்று கத்தினாய். கோபம்தான் வந்தது. ஆனாலும் காலையில் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். வருஷத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கும்போது, இருபத்தைந்து எப்படிக் கேட்கலாம் என்று.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதாப்பா? வருஷா வருஷம் நான் கூட்டிச் சொல்வேன், உன் சம்சாரம் வந்து சண்டை போட்டு அஞ்சுல நிறுத்தும். இந்தத் தடவை நீ வருவே வருவேன்னு ஒரு மாசமாப் பார்த்துக்கிட்டிருக்கேன். பேசாம மூட்டை கட்டினா நான் எப்படி இறங்கி வர்றது?"

சிரித்துவிட்டேன், அக்கா. அவள் இறந்த பிறகு முதல் தடவையாக.

அவர் பாடும் லேசில்லை. அந்த ஐந்தை வைத்து மாடி ஒழுகலைக்கூட அடைக்க முடியாது என்று புலம்பினார். வாடகை ஐந்துதான் ஏறும், ஒழுகலை அவர் பார்ப்பார், உள்சுவருக்கு நான் வர்ணம் அடிப்பேன் என்று பேசி முடித்தோம். இன்று பதினோரு மணிக்குக் கொத்தனாரோடு வருகிறார். மாடிக் கதவுச் சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. டீ கொடு, திட்டாதே. டீத்தூள் 'செருப்பு' என்று எழுதிய பெட்டியில் இருக்கிறது. நீ கட்டியதுதான்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அடுத்த வருஷம் நான் ஒழுங்காக வந்து சண்டை போட வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.