ஒரு படி தவிடு

வடக்குப்பட்டு,
ஐப்பசி 9.

அன்புத் தங்கை பூமாரிக்கு, ராஜாமணி அக்கா எழுதுவது. உன்னையும் உன் வீட்டுக்காரர் வனமாமலையையும் ஆதிகேசவப் பெருமாள் நன்றாக வைத்திருக்கட்டும். உன் நாங்குநேரி விலாசம் என் பழைய கணக்கு நோட்டில் இருந்தது. போன் நம்பர் இல்லை. நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாயோ என்னவோ, உடையவர் சாமி கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று எழுதுகிறேன்.

நீங்கள் குடியிருந்த பின்பக்க அறையில் இப்போது தூத்துக்குடிப் பெண்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஷிப்டு மாற்றி மாற்றிப் போவதால் பகலெல்லாம் யாராவது தூங்குவார்கள். என் வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் இதற்காக எழுதவில்லை. கலைமதியைப் பற்றி எழுத வேண்டும்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் இருந்தாள். காண்ட்ராக்ட் முடிந்ததென்று நிறுத்திவிட்டார்கள். மண்ணூர் பாபு என்ற ஏஜென்ட், பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போனான். இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஆற்றைக் கடத்தி, பர்மா பக்கம் வேலி போட்ட ஒரு கட்டடத்தில் விற்றுவிட்டார்கள். போனில் பேசி ஊரை ஏமாற்றும் வேலை. மாட்டேன் என்றால் கரண்ட் வைப்பார்களாம். மாசிக்குப் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. சித்திரையில் அந்தக் கட்டடம் எரிந்தது. தப்பி வந்தவர்களில் அவள் இல்லை. யாரென்று தெரியாத ஒன்பது உடல்களை அங்கே ஐஸில் வைத்திருக்கிறார்கள்.

ஆனியில் எஸ்.ஐ. சுகப்பிரியா அம்மா என்னைக் கூப்பிட்டு, டி.என்.ஏ. பார்க்க வேண்டும் என்று கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து, கவரில் போட்டுச் சீல் வைத்தார். பெற்றவளின் பாதி பிள்ளைக்குள் இருக்குமாம். முகம் கரிந்தாலும் எலும்பு சொல்லிவிடுமாம். "நீங்க பெத்த பொண்ணுதானேம்மா?" என்று கேட்டுத்தான் எழுதினார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் மேஜைமேல் இருந்த ஒரு தாளில் ஆளை விலைக்கு வாங்குவது குற்றம் என்று அச்சடித்திருந்தது, பூமாரி. எனக்கு என் நோட்டில் இருக்கும் வரி ஞாபகம் வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நீ, மூன்றாவதாவது தங்கட்டும் என்று ஏழாம் நாள் முறத்தில் கிடத்தி என்னிடம் தவிட்டுக்கு விற்றாயே. 'பூமாரி, தவிடு ஒரு படி' என்று அன்றே எழுதி வைத்தேன். எமனை ஏமாற்றச் செய்கிற சாங்கியம். பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். நான் கொடுக்கவில்லை. நீங்கள் ஊருக்குத் திரும்பியபோது, பல் முளைக்கட்டும், பிறகு வந்து எடுத்துக்கொள் என்றேன். மறுவருஷம் நீ வந்தாய். கலைமதி என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். "உங்ககிட்டயே கெடக்கட்டும்க்கா, உசுரோட இருந்தாப் போதும்" என்று பஸ் ஏறினாய். நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரை தாய் என்ற இடத்தில் என் பெயர்தான்.

ஆவணியில் பதில் வந்தது. ஒன்பதில் எதுவும் பொருந்தவில்லை. எதிர்வீட்டு லூர்தம்மாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, "பொண்ணு உசுரோட கீதுன்னு சொல்லிட்டாங்க, இன்னாத்துக்கு இன்னும் அழுவுற?" என்று திட்டினாள். உடைக்கச் சொல்லித் தேங்காயும் கொடுத்தாள். பிடித்து உள்ளே வைத்திருந்த பாபு, பொருந்தவில்லை என்ற அந்தத் தாளைக் காட்டி ஜாமீனில் வந்துவிட்டான். டீக்கடையில் நின்று, "அது எவன்கூடவோ ஜாலியா கீது, பழி மட்டும் எனக்கு" என்று சிரிக்கிறானாம். அந்தத் தாள் ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சுகப்பிரியா அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாலு மாசத்த வீணாக்கிட்டீங்களேம்மா! கார்த்திகை பொறந்தா அங்க எல்லாத்தையும் நம்பர் போட்டுப் பொதைச்சிடுவாங்க. உங்க தவிட்டுக் கதைய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பெத்தவங்களக் கூட்டினு வாங்க" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் வீட்டில் இந்தப் பேச்சே எழாமல் இருந்திருக்கலாம். கூடவே எஸ்.ஐ. அம்மா எழுதிக் கொடுத்த தாள் வைத்திருக்கிறேன். அதைக் காட்டி நாங்குநேரி ஸ்டேஷனிலேயே டி.என்.ஏ.வுக்குக் கொடுக்கலாமாம். ஒரு நிமிஷ வேலை, வலிக்காது. இங்கே வந்தால், ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் இவள்தான் பெற்றவள் என்று என் வாயால் சொல்கிறேன்.

பொருந்தினால், அவள் ஒரு நம்பராக மண்ணுக்குள் போகமாட்டாள். பாபு மறுபடி உள்ளே போவான். பொருந்தாவிட்டால், அன்றைக்குத்தான் அந்தத் தேங்காயை உடைப்பேன். இன்னும் பூஜை மாடத்தில்தான் இருக்கிறது.

அவள் சிரித்தால் உன்னைப்போலவே இடக் கன்னத்தில் மட்டும் குழி விழும். இதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

எந்த மண்ணில் இருந்தாலும் பெருமாள் உன் மகளைக் கைவிடாமல் இருக்கட்டும். தாமதிக்காதே, அம்மா.

இப்படிக்கு,
உன் மகளை வளர்த்த
ராஜாமணி