நாத்தனார் முடிச்சு

நவம்பர் 20

காலையில் வண்டியின் இடது சக்கரத்தில் காற்று இல்லை. பம்ப் தேடி எடுத்து அடிப்பதற்குள் ஆபீஸுக்கு லேட். போகட்டும், நல்ல செய்தி இருக்கிறது. தம்பி இளவரசுக்குச் சிதம்பரத்துப் பெண் முடிவாகிவிட்டது. பெயர் இசைவாணி. கல்யாணம் தை மாதத்தில், சிதம்பரத்திலேயே.

தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவளுக்கு. நாத்தனார் முடிச்சு. அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டதிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தது வரை நான்தான் செய்தேன். இதுவும் என் வேலைதான். நல்லதா ஒரு பட்டுப்புடவை எடு சத்யப்பிரியா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 27

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "முடிச்சு போட ஸ்ரீமதிகிட்ட சொல்லிட்டேன்."

ஸ்ரீமதி சித்தப்பா மகள். நல்ல பெண். இரண்டு காலும் நன்றாக இருக்கிறது.

"ஏம்மா?"

"ஒனக்குதான்டி கஷ்டம். மேடைக்குப் படி ஜாஸ்தி. அத்தனை பேர் முன்னாடி ஒன்னைத் தூக்கிகிட்டு... நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான்."

என்ன அக்கறை! நான் படவேண்டிய சங்கடத்தையும் எனக்காக அவர்களே பட்டு முடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 3

மாற்றுத்திறனாளிகள் தினம். ஆபீஸில் கூட்டம். என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு 'சமத்துவம்'. "நம்ம சத்யப்பிரியாவ நாங்க வித்தியாசமாவே பாக்கறதில்ல" என்றார் மேலதிகாரி. அதைச் சொல்வதற்காகவே ஒரு கூட்டம் போட்டு, ஒரு சால்வை போர்த்தி, ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்.

மைக் எனக்கு எட்டவில்லை. ஸ்டாண்டை இறக்கத் தெரியாமல் மூன்று பேர் அதைத் திருகிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மைக் இல்லாமலே பேசினேன். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கைதட்டல் மட்டும் பின்வரிசையில்தான் பலமாக இருந்தது.

டிசம்பர் 8

படிதானே பிரச்சினை? மண்டபத்துக்கு மேடை போடுகிற சேரனின் நம்பரை வாங்கிப் பேசினேன். "வண்டியோட மேல ஏறணும் தம்பி, சாய்வா ஏதாவது போட முடியுமா?"

"அதுக்கென்னக்கா, ஸ்பீக்கர் பொட்டி ஏத்துற பலகை கெடக்குது. மேல கம்பளம் விரிச்சுடறேன்."

அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். முகம் மலரவில்லை. "பொண்ணு மணையில உக்காந்திருப்பா. ஒனக்குக் குனிஞ்சு எட்டாதுடி" என்றாள்.

தலையணையைத் தரையில் நிறுத்தி, வண்டியை ஒட்டி நகர்த்திப் போய், மஞ்சள் கயிற்றால் முடிச்சு போட்டுக் காட்டினேன். எட்டியது. இப்போது என் தலையணை கல்யாணமான தலையணை. அதற்கு மாப்பிள்ளைதான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 9

ராஜாமணி மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அப்பா இல்லாததால் மணவறையில் அவரும் அத்தையும்தான் பெற்றவர்கள் இடத்தில் உட்காரப்போகிறார்கள். அதனால் இப்போது வீட்டில் அவர் பேச்சுதான் பேச்சு.

"தப்பா எடுத்துக்காதம்மா. மங்கள காரியம். பொண்ணு வூட்டு சனம் மொத்தமும் பாக்கும். தாலி ஏறுற நேரத்துல கண்ணுல படறது..." என்று நிறுத்தினார்.

"படறது எது மாமா?"

"டீ ஆறுதுண்ணா" என்றாள் அம்மா.

அப்பாடா, வந்துவிட்டது. படியும் இல்லை, உயரமும் இல்லை. நான்தான். இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் பைத்தியக்காரி மாதிரி தலையணைக்குத் தாலி கட்டிகிட்டு ஒக்காந்திருப்பேனா? சம்பளம் வாங்கும்போது நான் கண்ணுல படல? அவன் காலேஜ் ஃபீஸ் கட்டும்போது படல? அழுதேன். இதை எழுத எனக்கென்ன வெட்கம். நன்றாக அழுதேன்.

டிசம்பர் 10

இளவரசிடம் நேராகவே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அம்மாவும் மாமாவும்தான்... நீ கொஞ்சம் பெரிய மனசு பண்ணு."

இந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் சின்ன மனசோடு இருக்கலாம். பெரிய மனசு மட்டும் என் டிபார்ட்மெண்ட்.

ஜனவரி 18

புடவை எடுத்தேன். கிளிப்பச்சை. நன்றாகக் கண்ணில் படட்டும்.

பிப்ரவரி 2

கல்யாணம் முடிந்தது. சிதம்பரத்திலிருந்து இப்போதுதான் வீடு வந்தோம்.

சேரன் சொன்ன சொல் தவறாமல் பலகை போட்டிருந்தான். சிவப்புக் கம்பளம் வேறு. முழங்கால் வலிக்காரப் பெரியம்மா அதில்தான் ஏறினாள். கேமராக்காரர், சீர்த்தட்டு தூக்கின பெண்கள், ராஜாமணி மாமா, எல்லோரும் அதில்தான். ஒருத்தர்கூடப் படிப்பக்கம் போகவில்லை. "நல்ல ஏற்பாடா இருக்கே, யாரு யோசனை?" என்று மாமா மண்டபத்துக்காரரைப் பாராட்டினார். ஏறாத ஒரே ஆள் நான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், கிளிப்பச்சையில்.

மேடைக்குப் போகிற வழியில் ஸ்ரீமதி என்னிடம் குனிந்தாள். "எனக்கே ஒரு மாதிரி இருக்குக்கா. என்னைய ஏன் மாட்டி வுட்டாங்க?" கண் கலங்கியிருந்தது. "போடி, நல்லா போடு" என்றேன். வேறென்ன சொல்ல?

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. அம்மாவைத் தேடினேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெற்ற மகனின் கல்யாணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலியில்லாதவள் எதிரே நிற்கக் கூடாதாம். ஒதுங்கி நிற்பதில் அம்மா எனக்கு சீனியர். அவளுக்குச் சொன்னதைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள். கோபம் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தது.

எல்லாம் முடிந்ததும் மாமா மைக்குக்காரர் மாதிரி கத்தினார்: "குடும்ப போட்டோ! சத்யாவ மேல கூட்டியாங்கப்பா, அது இல்லாம எப்படி?" இரண்டு பேர் என் வண்டியைப் பிடிக்க ஓடி வந்தார்கள்.

"இப்ப கண்ணுல பட்டா பரவாயில்லியா மாமா?" என்றேன்.

மேளம் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. போட்டோவுக்குப் போகவில்லை, பந்திக்குப் போனேன். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். அந்தக் கோபத்திலும் கொத்சு நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 4

அம்மா என்னிடம் பேசவில்லை. மாமாவைச் சபையில் அவமானப்படுத்திவிட்டேனாம். அந்தச் சபையில் நடந்த அவமானம் அது ஒன்றுதானாம்.

பிப்ரவரி 5

இன்றும் பேசவில்லை. ஆனால் தோசை வார்த்துத் தந்தாள், முறுகலாக.

பிப்ரவரி 9

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மறுவீட்டுச் சாமான் விஷயமாக மாமாவும் வந்திருந்தார். நான் என் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இசைவாணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கழுத்துக் கயிற்றை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, முடிச்சு வுட்டுடுச்சு. பின்னாடி ரெண்டும் அவுந்துபோச்சு, ஒண்ணுலதான் நிக்குது. அத்தைக்குத் தெரிஞ்சா பதறிப்போயிடுவாங்க. யாருக்கும் தெரியாம நீங்களே போட்டுடுங்க."

பாவம் ஸ்ரீமதி. ஒப்புக்குப் போட்டிருக்கிறாள்.

"மொறையா நீங்கதானே போட்டிருக்கணும்? ஏன் அண்ணி வேணாம்னீங்க?"

"யாரு, நானா?"

"அவருதான் சொன்னாரு. கூட்டம்னா உங்களுக்கு ஆவாது, நீங்களே ஒதுங்கிகிட்டீங்கன்னு."

அட இளவரசு! பெரிய மனசை என் தலையில் கட்டியது போதாதென்று, அதை நானே கேட்டு வாங்கியதாகவும் சொல்லியிருக்கிறான்.

அவள் என் முன்னால் தரையில் உட்கார்ந்து திரும்பிக்கொண்டாள். கயிறு என் கைக்கு வந்துவிட்டது. இதற்காகத்தானே அழுதேன்? போட்டால் முடிந்தது. எல்லோருக்கும் நிம்மதி. யாருக்கும் தெரியாது, யார் கண்ணிலும் படாது. விரல் ஓடவில்லை.

"நான் வேணாம்னு சொல்லல இசை. போடறேன் போடறேன்னு கெஞ்சினேன். வேணாம்னது அவுங்க. இப்ப கதவச் சாத்திகிட்டு நான் போட மாட்டேன். கூடத்துல வச்சுன்னா போடறேன். இல்லன்னா ஸ்ரீமதிக்கே போன் பண்ணு."

என்னையே பார்த்தாள். கல்யாணமாகி ஒரு வாரம். கூடத்தில் மாமியார், புருஷன், மாமா. அவளை ஏன் இதில் இழுக்கிறோம் என்று எனக்கே ஒரு நொடி உறைத்தது. அவள் எழுந்தாள். ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி இன்னொரு கையால் கதவைத் திறந்தாள்.

கூடத்தின் நடுவில் போய் உட்கார்ந்து ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, "முடிச்சு அவுந்துடுச்சு. அண்ணி போடப் போறாங்க" என்றாள். இளவரசு எழுந்து நின்றான். மாமா, "இரும்மா, நல்ல நேரம் பாத்து..." என்று ஆரம்பித்து, கயிற்றைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். வீல்சேரைவிடப் பெரிய அபசகுனம் வந்தால் வீல்சேர் எவ்வளவு சீக்கிரம் சின்னதாகிவிடுகிறது!

"அக்கா..." என்றான் இளவரசு.

"ஒன்கிட்ட அப்புறம் பேசறேன்" என்றேன்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். இசைவாணியின் கழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே திரும்பிப் போனாள். சரி, இனி இந்த ஜென்மத்துக்கும் என்னிடம் பேசமாட்டாள் என்று நினைத்தேன். வண்டியை இசைவாணியின் முதுகை ஒட்டி நகர்த்தினேன்.

அம்மா குழைத்த மஞ்சளோடு திரும்பி வந்தாள். அப்பா போன பிறகு நல்ல காரியத்துக்கு அவள் மஞ்சளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யாரையும் கேட்காமல் கயிற்றில் தன் கையாலேயே தடவினாள். பிறகு என் பக்கத்தில், எல்லோருக்கும் எதிரே, நின்றுகொண்டாள்.

"இறுக்கிப் போடுடி" என்றாள்.

போட்டேன்.